'பம்ப் 2 ரிப்பேர்' என்றால் ஓடுமா, ஓடாதா? ஆங்கில வாக்கியத்தில் காணாமல் போகும் பயனிலை

இரவு ஷிஃப்ட் முடியும் நேரம். லாக் புக்கில் அவசரமாக ஒரு வரி: 'பம்ப் நம்பர் டூ ரிப்பேர்'. கீழே ஒரு கையெழுத்து. எழுதியவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார். காலை 6 மணிக்கு வருபவர் அந்த வரியைப் படிக்கிறார்.

படிப்பவர் தமிழர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 'ஃபேன் ரிப்பேர்', 'வண்டி ரிப்பேர்' என்றால் நம்ம ஊரில் ஒரே அர்த்தம்தான்: கெட்டுப்போச்சு. ஆனால் ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது சரிசெய்யும் வேலை. கெட்டுப்போன நிலைக்கு அந்தப் பெயர் கிடையாது. அதே வரியின் போட்டோவை வேறு மாநிலத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பார்க்கும் ஒரு இன்ஜினீயர், 'ஓ, சரி பண்ணிட்டாங்க போல' என்று நினைத்தால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

இந்த வரி உதாரணத்துக்காக எழுதியதுதான். ஆனால் சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, தேர்வாய் கண்டிகையிலோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரி வரி புதிதாக இருக்காது. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் பேசுபவர்கள் ஒரே ஷெட்டில் நிற்கும் இடம் அது. பேச்சு எப்படியோ கலவையாக ஓடிவிடும். எழுத்து என்று வந்தால் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம். அந்த அரைகுறையில் எந்த அரை காணாமல் போகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆங்கில இலக்கணத்தில் அதற்குப் பெயர் 'பிரெடிகேட்'. பள்ளியில் சிம்பிள் பிரெடிகேட், கம்ப்ளீட் பிரெடிகேட் என்று படித்து, கோடிட்டு, மார்க் வாங்கி, மறந்துபோன பாடம்.

நாலு அர்த்தம், ஒரு வரி

'பம்ப் நம்பர் டூ ரிப்பேர்' என்ற வரியை முழு வாக்கியமாக ஆக்கிப் பாருங்கள். குறைந்தது நாலு வழி இருக்கிறது.

'பம்ப் நம்பர் டூ நீட்ஸ் ரிப்பேர்': பழுதாகி இருக்கிறது, இன்னும் யாரும் கை வைக்கவில்லை. 'பம்ப் நம்பர் டூ இஸ் அண்டர் ரிப்பேர்': வேலை நடந்துகொண்டிருக்கிறது. 'பம்ப் நம்பர் டூ ஹேஸ் பீன் ரிப்பேர்ட்': முடிந்துவிட்டது, ஓட்டலாம். 'பம்ப் நம்பர் டூ வில் பி ரிப்பேர்ட் டுமாரோ': நாளைக்குப் பார்ப்பார்கள்.

நாலிலும் 'பம்ப் நம்பர் டூ' மாறவே இல்லை. மாறியது எல்லாம் அதற்குப் பின்னால் வருவதுதான். இரண்டாவது அர்த்தத்தில் எழுதியதை மூன்றாவது அர்த்தத்தில் படித்து ஒருவர் ஸ்விட்சைப் போட்டால் என்ன ஆகும்? கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டு உள்ளே கை வைத்திருப்பவரின் விரல்கள் போகும்.

வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அது 'சப்ஜெக்ட்'. அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது 'பிரெடிகேட்'. லத்தீனில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பது என்ற பொருள்கொண்ட வினையில் இருந்து வந்த சொல் இது. ஆங்கிலத்தில் மதப் பிரசங்கம் செய்வதைக் குறிக்கும் 'ப்ரீச்' என்ற சொல்லுக்கும், மாட்டிக்கொண்டு முழிக்கும் நிலையைக் குறிக்கும் 'பிரெடிகமென்ட்' என்ற சொல்லுக்கும் மூலம் அதே லத்தீன் குடும்பம்தான். லாக் புக்கில் பிரெடிகேட்டை விட்டால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு பிரெடிகமென்ட்.

எலும்பு எது, உடம்பு எது?

'தி ஆபரேட்டர் ஸ்டாப்ட் தி கன்வேயர் பிகாஸ் ஆஃப் எ லூஸ் பெல்ட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யாரைப் பற்றி? 'தி ஆபரேட்டர்'. அது சப்ஜெக்ட். மீதி முழுவதும், அதாவது 'ஸ்டாப்ட்' தொடங்கி 'பெல்ட்' வரை, கம்ப்ளீட் பிரெடிகேட். அதற்குள் இருக்கும் வினைச்சொல் மட்டும், 'ஸ்டாப்ட்' மட்டும், சிம்பிள் பிரெடிகேட். வினைதான் எலும்பு. எதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதெல்லாம் சதை.

சிம்பிள் என்றால் ஒரே சொல் என்று நினைத்துவிடக் கூடாது. 'ஹேஸ் ஸ்டாப்ட்', 'வாஸ் ரன்னிங்', 'மஸ்ட் பி க்ளீன்ட்', 'ஹேஸ் பீன் ரிப்பேர்ட்' எல்லாமே சிம்பிள் பிரெடிகேட்தான். முக்கிய வினையும் அதற்குத் துணையாக வரும் வினைகளும் சேர்ந்து ஒரே அலகு. நடுவில் வேறு ஒரு சொல் புகுந்துகொண்டாலும் இந்தக் கணக்கு மாறாது. 'தி ஃபிட்டர் ஹேஸ் ஆல்ரெடி ரிமூவ்ட் தி கார்டு' என்பதில் சிம்பிள் பிரெடிகேட் 'ஹேஸ் ரிமூவ்ட்'. 'ஆல்ரெடி' வினையடை. அது எலும்பில் சேராது, உடம்பில்தான் சேரும்.

கேள்வி வாக்கியத்தில் எலும்பே இரண்டாக உடைந்து நிற்கும். 'டிட் தி ஆபரேட்டர் ஸ்டாப் தி லைன்?' என்பதில் சிம்பிள் பிரெடிகேட் 'டிட் ஸ்டாப்'. குழப்பமாக இருந்தால் ஒரு பழைய தந்திரம் உண்டு: கேள்வியைச் சாதாரண வாக்கியமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வினை ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

பிரெடிகேட் எப்போதும் சப்ஜெக்ட்டுக்குப் பின்னால்தான் வரும் என்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. 'அட் டூ தர்ட்டி தி ஆபரேட்டர் ஸ்டாப்ட் தி கன்வேயர்' என்று எழுதினால், 'அட் டூ தர்ட்டி' முன்னால் நின்றாலும் அது பிரெடிகேட்டின் ஆள்தான். நிறுத்திய நேரத்தைத்தானே அது சொல்கிறது?

அமெரிக்காவில் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1877-ல் வெளியிட்ட பாடப்புத்தகம் இதைப் படமாகவே போட்டுக் காட்டியது. ஒரு படுக்கைக் கோடு. அதைக் குறுக்கே வெட்டும் ஒரு நிற்கும் கோடு. இடது பக்கம் சப்ஜெக்ட், வலது பக்கம் வினை. மீதிச் சொற்கள் எல்லாம் கீழே கிளைகளாகத் தொங்கும். பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் இந்தப் படத்தை வரைந்தே இலக்கணம் படித்தார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ரென் அண்ட் மார்ட்டின். (அந்த ரென், வெளிநாட்டுப் படையணி வீரர்களை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய அதே பி.சி. ரென்.) அதிலும் சப்ஜெக்ட், பிரெடிகேட் பாடம் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆனால் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை இந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. அவை அதற்காக எழுதப்பட்டவையும் இல்லை.

'பயனிலை' என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழ் வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்று உறுப்புகள் படித்திருப்போம். 'ஆபரேட்டர் பெல்ட்டை நிறுத்தினார்': ஆபரேட்டர் எழுவாய், பெல்ட்டை செயப்படுபொருள், நிறுத்தினார் பயனிலை. ஆங்கில வகுப்புக்குப் போனதும் 'சப்ஜெக்ட்னா எழுவாய், பிரெடிகேட்னா பயனிலை' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. பள்ளியில் படித்த பயனிலைக்குப் பக்கத்தில் வருவது சிம்பிள் பிரெடிகேட் மட்டும்தான். ஆங்கிலத்தின் கம்ப்ளீட் பிரெடிகேட் செயப்படுபொருளையும் விழுங்கிவிடும். இடம், நேரம், காரணம் எல்லாமே அதன் வயிற்றுக்குள்தான். தமிழில் மூன்று பெட்டி. ஆங்கிலத்தில் முதல் வெட்டிலேயே இரண்டே பெட்டி. இந்தக் கணக்கு வித்தியாசத்தை யாராவது சொல்லியிருந்தால் பரீட்சையில் பலருக்குக் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. தமிழில் பயனிலை வினையாக இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'இவர் சூப்பர்வைசர்.' முழு வாக்கியம். வினை எங்கே? இல்லை. 'சூப்பர்வைசர்' என்ற பெயரே பயனிலை. இது பேச்சுவழக்கின் சோம்பேறித்தனமும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியல், எழுவாய் கொள்ளும் முடிவுகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று இருக்கிறது என்று சொல்வது, ஏவுவது, வினையைச் சொல்வது, கேள்வி கேட்பது, பண்பைச் சொல்வது, பெயரைச் சொல்வது. வினை அந்த ஆறில் ஒன்று, அவ்வளவுதான். 'பம்ப் ரிப்பேர்' என்று எழுதுபவர் தமிழ் இலக்கணப்படி ஒரு தவறும் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. அது அழகான பெயர்ப் பயனிலை.

ஆங்கிலம் இதை ஒத்துக்கொள்ளாது. முழு வாக்கியம் என்றால் அங்கே வினை வேண்டும். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்றாலும் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' என்று ஏதாவது ஒன்று வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். 'ஹி இஸ் தி சூப்பர்வைசர்' என்பதில் சிம்பிள் பிரெடிகேட் வெறும் 'இஸ்'. 'தி மோட்டார் இஸ் ஹாட்' என்பதிலும் அப்படியே. சூடு என்ற சேதி 'ஹாட்' என்ற சொல்லில் இருக்கிறது, ஆனால் இலக்கணப்படி எலும்பு 'இஸ்'தான். தமிழில் யோசிக்கும் மூளைக்கு அந்த 'இஸ்' வேண்டாத விருந்தாளி மாதிரித் தெரியும். அதனால்தான் அவசரத்தில் முதலில் வெளியேற்றப்படுவதும் அதுவே.

இந்த விஷயத்தில் தமிழர் தனியாக இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பேசும் தெலுங்கிலும் 'அவர் ஆசிரியர்' போன்ற வாக்கியத்துக்கு வினை தேவைப்படாது. வங்காளத்திலும் நிகழ்காலத்தில் அதே கதைதான். ரஷ்ய மொழிகூட அப்படித்தான். இந்தியில் மட்டும் கடைசியில் 'ஹை' வந்து உட்காரும். ஒரே 'இஸ்', அது ஏன் சிலருக்குச் சுலபமாக வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்பதற்குத் தாய்மொழி ஒரு காரணம். 'இங்கிலீஷ் வீக்' என்று ஒரே முத்திரை குத்துவது அநியாயம்.

வினை கடைசியில் வரும் மொழிக்காரர்களின் அவசரம்

தமிழ் வாக்கியத்தில் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து, வினை கடைசியாக வந்து கதவைச் சாத்தும். ஆங்கிலத்தில் வினை சீக்கிரமே வந்துவிடும், விவரங்கள் பின்னால் வரும். அவசரமாக எழுதும்போது எந்த மொழியிலும் தேய்ந்துபோவது வால்தான். தமிழ் வரிசையில் யோசித்து எழுதினால் அந்த வாலில் இருப்பது வினை. 'லாஸ்ட் நைட் பம்ப் டூ சீல் லீக்கேஜ் ப்ராப்ளம்' என்ற மாதிரிப் பெயர்ச்சொல் ரயில் உருவாவது இப்படித்தான். பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். இன்ஜின் வராது. சீல் கசிந்ததா, இன்னும் கசிகிறதா, மாற்றியாச்சா? தெரியாது.

இன்னொரு பக்கம், சப்ஜெக்ட்டே இல்லாமல் எழுதும் பழக்கம். 'செக்டு ஆயில் லெவல்.' யார் பார்த்தது? தமிழில் இந்தக் கேள்வி எழாது. 'பார்த்துட்டேன்' என்றால் நான். 'பார்த்துட்டாங்க' என்றால் அவர்கள். வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒரே 'செக்டு'. அதனால் ஆங்கிலத்தில் சப்ஜெக்ட்டைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். டிக் அடிக்கும் செக்லிஸ்ட்டில் பெயருக்கு என்று தனிக் கட்டம் இருந்தால் பரவாயில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் 'செக்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அனுப்பியவரே பார்த்தாரா, ஹெல்பரைப் பார்க்கச் சொன்னாரா?

'வால்வ் க்ளோஸ்ட்' என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் இன்னும் தந்திரமானது. பார்த்தால் வினை இருக்கிற மாதிரியே இருக்கும். 'தி வால்வ் இஸ் க்ளோஸ்ட்' என்றால் அது இப்போதைய நிலை. 'ரவுண்ட்ஸ் போனேன், மூடியிருந்தது' என்ற அளவுதான். 'ஐ க்ளோஸ்ட் தி வால்வ் அட் ஃபைவ் ஃபார்ட்டி' என்றால் ஒருவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், திறக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும். 'தி வால்வ் வாஸ் க்ளோஸ்ட்' என்றால் இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். நேரத்தையும் ஆளையும் சேர்த்தால்தான் தெளியும்.

ஒரு வரி லாக்: டெக்சாஸ் சிட்டி, 2005

இலக்கணத்துக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிவிபத்து ஒரு பாடம். 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயம் அடைந்தார்கள். விசாரித்தது அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம். அதன் இறுதி அறிக்கை 2007-ல் வெளியானது.

பராமரிப்புக்கு நிறுத்தியிருந்த ஒரு பிரிவை மறுபடி ஓட்டத் தொடங்கும் வேலை அது. இரவு ஷிஃப்ட்டில் ஒரு பெரிய கோபுரத்துக்குள் எளிதில் தீப்பற்றும் திரவ ஹைட்ரோகார்பனை நிரப்பத் தொடங்கி, பிறகு நிறுத்தினார்கள். காலை ஷிஃப்ட் வந்து வேலையைத் தொடர்ந்தது. வெளியே போக வழியில்லாமல் திரவம் உள்ளே ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பொங்கி வழிந்து, ஆவி மேகமாகப் பரவித் தீப்பிடித்தது.

இரவு ஷிஃப்ட் லாக் புக்கில் விட்டுச் சென்றது ஒரே ஒரு வரி. பிரிவுக்குள் நிரப்புவதற்காகக் கொஞ்சம் திரவம் கொண்டுவந்தோம் என்ற அளவில் அதன் பொருள். அந்த வரியில் சப்ஜெக்ட் இல்லை. ஆனால் வினை இருந்தது. சிம்பிள் பிரெடிகேட்டைக் கோடிடச் சொன்னால் தாராளமாகக் கோடிடலாம். இல்லாமல் போனது அதைச் சுற்றி இருக்க வேண்டிய சதை. எவ்வளவு? எந்த மட்டம் வரை? எந்தக் குழாய், எந்தக் கலன் நிரம்பியது, எது பாக்கி? 'கொஞ்சம்' என்ற சொல் இந்த எல்லாக் கேள்விகளுக்கும் மேலே போர்வை மாதிரி விழுந்து கிடந்தது.

அந்த ஒரு வரியால்தான் ஆலை வெடித்தது என்று சொன்னால் அது பொய். மட்டம் காட்டும் கருவி தப்பாகக் காட்டியது, அலாரம் அடிக்கவில்லை, ஊழியர்கள் நாள்கணக்கில் ஓய்வில்லாமல் வேலை பார்த்திருந்தார்கள், தற்காலிக அலுவலக டிரெய்லர்கள் ஆபத்தான இடத்தில் நின்றன. விசாரணை அறிக்கை நிர்வாகத்தின் பல அடுக்குகளில் குறைகளைப் பட்டியலிட்டது. ஷிஃப்ட் மாறும்போது தகவல் சரியாகக் கைமாறவில்லை என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. எழுதியவர்கள் ஆங்கிலம் புழங்கும் நாட்டுக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்மொழி தெரிந்தால் போதும், லாக் புக் தானாக எழுதிக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு இது பதில்.

சிம்பிளுக்கும் கம்ப்ளீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வேலை இடத்தில் இப்படித்தான் தெரிய வருகிறது. வினை இல்லாத வரி, என்ன நடந்தது என்றே சொல்லாது. வினை மட்டும் உள்ள வரி, ஏதோ நடந்தது என்று மட்டும் சொல்லும். இரண்டாவது ஆபத்தானது. படித்தவருக்குப் புரிந்த மாதிரி இருக்கும், திரும்பக் கேட்கத் தோன்றாது.

'நாட்' எங்கே போகும்?

மெயின்டனன்ஸ் நடக்கும் ஸ்விட்ச்சில் பூட்டுப் போட்டு ஒரு சிவப்பு அட்டை தொங்கவிடுவார்கள். 'டேஞ்சர். டூ நாட் ஆபரேட்.' இதில் சப்ஜெக்ட் எழுதப்படவில்லை. ஏவல் வாக்கியம் என்பதால் 'யூ' என்பது மறைந்து நிற்கிறது. படிக்கும் நீங்கள்தான் அந்த யூ. சிம்பிள் பிரெடிகேட் எது? பள்ளி இலக்கணப்படி 'டூ ஆபரேட்'. 'நாட்' வினையடை, எலும்பில் சேராது.

இலக்கண வகுப்பில் இது சரி. ஆனால் அந்த அட்டையில் உயிரைக் காப்பது அந்த 'நாட்' மட்டும்தான். அட்டை கிழிந்து, கிரீஸ் பூசி, அந்த ஒரு சொல் மறைந்தால் மிச்சம் இருப்பது ஓட்டச் சொல்லும் கட்டளை. எலும்பை மட்டும் கண்டுபிடிக்கப் பழகிய கண் இந்த மாதிரிச் சொற்களை 'கூடுதல்' என்று தள்ளிவிடப் பார்க்கும். 'நாட்', 'ஒன்லி', 'பார்ஷியலி', 'ஆஃப்டர்' எல்லாமே கம்ப்ளீட் பிரெடிகேட்டில் வாழும் சின்னச் சொற்கள். போனில் பேசும்போது 'கேன்', 'கான்ட்' இரண்டும் மெஷின் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும் என்பதால், 'கேன்னாட்' என்று முழுசாகச் சொல்வது நல்லது.

அறிவிப்புப் பலகைகளின் மொழி பற்றிச் சட்டம் யோசிக்காமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108-வது பிரிவில், சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொன்னது. பலகைக்கு அது பொருந்தும். ஆனால் தினமும் மூன்று முறை கைமாறும் லாக் புக் எந்த மொழியில், எத்தனை சொல்லில் என்பதெல்லாம் அந்தப் பிரிவுக்குள் வராத சங்கதி. அந்த இடத்தில் சூப்பர்வைசரின் பொறுமைதான் சட்டம்.

விமானத் துறை கண்ட வழி

விமானப் பராமரிப்புக் கையேடுகளை உலகம் முழுவதும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள். அதற்காக ஐரோப்பிய விமானத் துறை 1980-களில் உருவாக்கத் தொடங்கியது 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்ற எழுத்து முறை. இன்று அது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் வழங்குகிறது. அதில் செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. விவரிக்கும் வாக்கியத்துக்கு 25 வரை அனுமதி. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. முக்கியமான இன்னொன்று: சுருக்குகிறேன் என்று வாக்கியத்துக்குத் தேவையான சொற்களை வெட்டக் கூடாது. சின்ன வாக்கியம் வேறு, குறைப்பட்ட வாக்கியம் வேறு என்ற இந்தப் பாகுபாடு லாக் புக்குக்கும் அப்படியே பொருந்தும்.

ஆபீஸ் மெயிலுக்கும் பொருந்தும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் லீவ் லெட்டர் நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதில் சப்ஜெக்ட் இருக்கிறது, வினையும் இருக்கிறது, ஆனாலும் அது முழு வாக்கியம் இல்லை. முன்னால் நிற்கும் 'ஆஸ்' அந்த முழு வாக்கியத்தையும் வேறொரு வாக்கியத்தின் பிரெடிகேட்டில் தொங்கும் காரணமாக மாற்றிவிடுகிறது. தொங்குவதற்கு ஆணி எங்கே? 'ஐ கேன்னாட் கம் டுடே' என்பதுதான் ஆணி.

எலும்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் இன்னொரு லாபம் உண்டு. 'தி போல்ட்ஸ் ஆன் தி லோயர் ஃப்ளாஞ்ச் ஆஃப் பம்ப் டூ இஸ் லூஸ்' என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்பது ஒற்றைப் பம்ப். தளர்ந்திருப்பது பம்ப் இல்லை, போல்ட்கள். அவை பன்மை. 'ஆர்' வர வேண்டும். எது லூஸ் என்று வினையிடம் கேட்டால் அதுவே சரியான சப்ஜெக்ட்டைக் காட்டிக்கொடுக்கும். 'தேர் ஆர் த்ரீ வொர்க்கர்ஸ் இன்சைட் தி டேங்க்' மாதிரி வாக்கியத்தில் சப்ஜெக்ட் 'தேர்' இல்லை. 'த்ரீ வொர்க்கர்ஸ்' என்றே பள்ளி இலக்கணம் கணக்கு வைக்கிறது. டேங்குக்குள் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பவருக்கும் தேவையான சேதி அந்த மூன்று பேர்தான்.

பெயர் வித்தியாசம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சிம்பிள், கம்ப்ளீட் என்ற பிரிவு பள்ளி இலக்கணத்துடையது. 2002-ல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் போன்ற நூல்களில் வினையை 'பிரெடிகேட்டர்' என்றும், முழுப் பகுதியை 'பிரெடிகேட்' என்றும் சொல்வார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய பெயர்களையே பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த முதல் வரியைச் சரிசெய்ய வேண்டும். இலக்கணப் பெயர் எதுவும் தெரியாத ஒருவர் காலையில் வந்து கேட்கும் கேள்விகளை வரிசையாக வைத்தாலே போதும். 'அண்ணா, பம்புக்கு என்ன ஆச்சு? எப்போ? யாரு பார்த்தது? இப்போ ஓட்டலாமா?'

'பம்ப் நம்பர் டூ ஸ்டாப்ட் அட் ஃபோர் டென் பிகாஸ் தி சீல் லீக்ட். தி ஃபிட்டர் ஹேஸ் நாட் ரீப்ளேஸ்ட் தி சீல் யெட். ஐ லாக்ட் தி ஸ்விட்ச். டூ நாட் ஸ்டார்ட் தி பம்ப்.' நாலு வாக்கியம், நாலு எலும்பு: 'ஸ்டாப்ட்', 'ஹேஸ் ரீப்ளேஸ்ட்', 'லாக்ட்', 'டூ ஸ்டார்ட்'. முதல் வாக்கியத்தில் 'லீக்ட்' என்று இன்னொரு வினையும் இருக்கிறதே என்றால், அது 'பிகாஸ்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தின் வினை. மொத்தம் முப்பது சொல்லுக்குப் பக்கம். எழுத ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. அந்த நேரத்துக்கு கம்பெனி பஸ் நிற்கும்.